சோளகத்துக்கும் வாடைக்கும் நடுவே

யாழ்ப்பாணத்தில் கூரையைப் பற்றிய பேச்சு ஐப்பசியில், முதல் ஒழுக்கு விழுந்த பிறகுதான் தொடங்குகிறது. அதுவரை கூரை ஒருவர் நினைவிலும் இராது. ஒழுக்குக்குக் கீழே வாளி வைக்கப்படும். மேசனுக்குத் தொலைபேசி போகும். மேசன் அதற்குள் பத்து வீட்டுக்கு வாக்குக் கொடுத்திருப்பார். மழை சற்று விட்ட நேரம் பார்த்து வீட்டு ஆண்களில் ஒருவர், பெரும்பாலும் வயதில் மூத்தவர், ஏணியைச் சாத்தி ஈர ஓட்டில் கால் வைப்பார். ஆண்டின் மிக மோசமான நாளில், பதற்றத்தோடு, அந்த வேலை பழகாத ஒருவரால் கூரை திருத்தப்படுவது இப்படித்தான். இதைத் துணிச்சல் என்றோ கவனக்குறைவு என்றோ சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு இது நாட்காட்டிப் பிழையாகத் தெரிகிறது. கூரை வேலையின் ஆபத்தையும் செலவையும் தீர்மானிப்பதில் ஏறுபவரின் திறமையைவிட அந்த வேலை நடக்கும் மாதத்துக்குப் பங்கு கூட. ஓலைக் கூரை அந்த மாதத்தை நமக்காகத் தெரிந்து வைத்திருந்தது. ஓடும் தகரமும் கொங்கிறீற்றும் வந்தபோது அடிக்கடி வேயும் கட்டாயம் போயிற்று; அதோடு கூரையை ஆண்டுக்கொரு முறை பார்க்கும் வழக்கமும் போயிற்று. முன்னது போனதில் யாருக்கும் இழப்பில்லை. பின்னது போனதற்கு ஒவ்வொரு மாரியிலும் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

குடாநாட்டின் காலநிலையே இந்தப் பிழைக்கு வசதி செய்து தருகிறது. இங்கே ஆண்டுக்குச் சராசரியாக 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர் வரை மழை பெய்கிறது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஒக்ரோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்று மாதங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை தென்மேற்கிலிருந்து அடிப்பது சோளகம். கொழும்புக்கும் காலிக்கும் மழை கொண்டுபோகும் அதே பருவக்காற்று இங்கே புழுதியோடு வறண்டு வீசும். அது ஓட்டை அதன் பூட்டிலிருந்து அரை விரல் நகர்த்தும். தகரத்தின் ஓரத்தை ஆட்டி ஆட்டி ஆணித் துளையை அகலமாக்கும். வேப்பஞ்சருகையும் மாவிலையையும் பீலிக்குள் கொண்டுபோய் அடைக்கும். காவோலையும் தென்னை மட்டையும் கூரைமேல் விழுவதும் இந்தக் காலத்தில்தான். போதாக்குறைக்கு வெயில் முகட்டுச் சாந்தை வெடிக்க வைக்கும். இத்தனை நடந்தும் வீட்டுக்குள் எதுவும் தெரியாது. மழையில்லாத ஊரில் எந்தக் கூரையும் ஒழுகாது. கொழும்பில் ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம், இடையிலும் மழை உண்டு. அங்கே ஓர் ஓடு நகர்ந்தால் சில கிழமைக்குள் கூரை தன் குறையைச் சொல்லிவிடும். யாழ்ப்பாணத்தில் ஆனியில் நகர்ந்த ஓடு ஐப்பசியில்தான் வாய் திறக்கும். அதுவும் காற்று தென்மேற்கிலிருந்து குலைத்துவிட்டுப் போனதை வாடை வடகிழக்கிலிருந்து சாய்ந்தடித்துச் சோதிக்கிறது. இடையில் கிடக்கும் நான்கைந்து மாத மௌனத்தை நாம் கூரையின் நலம் என்று எடுத்துக்கொள்கிறோம்.

அப்படியானால் எப்போது ஏறுவது? ஆடியில் ஏறக்கூடாது. சோளகம் உச்சத்தில் இருக்கும்போது விரித்த தகரத்தைக் கையிலிருந்து பறித்துக்கொண்டு போகும். பிடித்திருப்பவரையும் சேர்த்து இழுக்கும். மாசியும் பங்குனியும் காற்றும் மழையும் அடங்கிய மாதங்கள். மரம் மாற்றுவது, கூரையைப் பிரித்துப் போடுவது போன்ற பெரிய வேலைகளுக்கு அவை நல்லவை. ஆனால் பார்வையை அப்போதே முடித்துக்கொண்டால், பின்னால் வரும் சோளகம் செய்வதெல்லாம் கணக்கில் வராமற் போகும். எஞ்சுவது சோளகம் தளர்ந்து மாரி பிறக்காத புரட்டாசி. சில கிழமைகள்தான். பின்னேரங்களில் இடி முழங்கத் தொடங்கிவிடும் என்பதால் காலைகள் மட்டுமே கிடைக்கும். குடாநாட்டுக் கூரைகள் எல்லாவற்றுக்கும் இருப்பது இந்தச் சில காலைகள்தான்.

ஓலைக் காலத்தில் இந்த இடைவெளியை யாரும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. தென்னங்கிடுகு ஓரிரு ஆண்டு தாங்கும். பனையோலை அதைவிடக் கொஞ்சம் கூடத் தாங்கும். காலம் வந்ததும் மாரிக்கு முன் வேயாவிட்டால் வீட்டுக்குள் இருக்க முடியாது. வேயும் நாளில் பழைய ஓலை முழுவதும் இறங்க, கைமரமும் வளையும் கட்டுகளும் வெளிச்சத்துக்கு வந்துவிடும். கறையான் ஏறிய மரம் அன்றைக்கே கண்ணில் படும். இறக்கிய ஓலையும் வீணாகவில்லை. கூரையிலும் வேலியிலும் இருந்து கழிந்த ஓலை தோட்டங்களில், குறிப்பாகப் புகையிலைத் தறைகளில், பசளையாகத் தாழ்க்கப்பட்டது. கூரையைப் பிரிப்பதற்கு வீட்டுக்குள் ஒரு காரணம் இருந்ததுபோலத் தோட்டத்திலும் ஒரு காரணம் இருந்தது. பராமரிப்பைத் தனியொரு கடமையாக யாரும் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லாமல், பொருளின் பலவீனமும் பயிரின் தேவையும் சேர்ந்து நாளைக் குறித்துக் கொடுத்தன. இரசாயன உரம் வந்தது, ஓடு வந்தது, மதில் வந்தது. ஒவ்வொன்றும் தன்னளவில் நல்ல மாற்றந்தான். ஆனால் அந்தச் சங்கிலி அறுந்ததை யாரும் கவனிக்கவில்லை.

இதைப் படிப்பவர் ஒருவர், ஓலை வீட்டுக்கு ஏக்கம் பாடும் இன்னொரு கட்டுரை என்று பக்கத்தைப் புரட்டக்கூடும். நியாயமான சந்தேகம். ஓலை வெட்டப் பனையேறியவரும், வேய்ந்தவரும், வேலி அடைத்தவரும் நெடுங்காலம் குடிமை முறைக்குள் கட்டுண்டிருந்தார்கள். கூலியைப் பேசித் தீர்க்கவோ வரமாட்டேன் என்று சொல்லவோ அவர்களுக்கு இடமிருக்கவில்லை. இன்றைக்கு நாம் ஒழுங்கு என்று வியப்பதில் ஒரு பகுதி அவர்களின் மறுக்க முடியாமை. அடுப்புப் பொறியில் எரிந்துபோன கொட்டில்களின் கதை வேறு. ஓட்டு வீட்டுக்கு ஆசைப்பட்டவர் அந்தஸ்துக்கு மட்டும் ஆசைப்படவில்லை, நெருப்புப் பயமில்லாத நித்திரைக்கும் ஆசைப்பட்டார். ஆகவே ஓலை திரும்பி வரவேண்டாம். நான் கேட்பது ஓலையோடு ஒட்டியிருந்த நாளை மட்டுந்தான். அதைப் பிரித்தெடுக்க முடியும். இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும்: குனிந்து நுழையும் கொட்டிலின் தாழ்வாரத்திலிருந்து விழுந்தவர் பெரும்பாலும் எழுந்து நடந்தார். சுவர் உயர்ந்து, கீழே சீமெந்துத் தளமும் வந்த பிறகு அதே விழுகை முள்ளந்தண்டை முறிக்கிறது. வீடு உறுதியாக உறுதியாகக் கூரையில் நிற்பவரின் நிலை மோசமாகியிருக்கிறது.

பாசல் மிஷன் 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பின், ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் தட்டையோடு இந்து சமுத்திரக் கரையெங்கும் பரவிற்று. இலங்கையில் அதைக் கள்ளிக்கோட்டை ஓடு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். நாற்சார் வீட்டின் முற்றத்தைச் சுற்றி அது எவ்வளவு பொருத்தமாக உட்கார்ந்தது என்பதை இன்னும் நிற்கும் பழைய வீடுகள் காட்டுகின்றன. வெப்பத்துக்கு அதைவிட நல்ல கூரை இன்றும் கைவசம் இல்லை. சிக்கல் ஓட்டில் இல்லை, ஓட்டைப் பற்றிய நம்பிக்கையில். சுட்ட மண் நூறாண்டு இருக்கலாம். ஆனால் கூரை என்பது ஓடு மட்டும் அன்று. ரீப்பை, சிலாகை, ஆணி, முகட்டுச் சாந்து, பீலி எல்லாம் சேர்ந்தது. இவற்றில் எதன் ஆயுள் மிகக் குறைவோ அதுவே கூரையின் ஆயுள். நாற்சாரின் உள்மூலை நான்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு சரிவின் நீரும் அங்கேதான் ஒன்றுகூடி இறங்குகிறது. சருகும் அங்கேதான் ஒதுங்குகிறது. சருகு தேங்கினால் நீர் ஓட்டின் கீழால் பின்வாங்கி ரீப்பையை நனைக்கும். முகட்டிலோ கதை வேறு. சுண்ணாம்புச் சாந்து மரத்தின் அசைவுக்குக் கொஞ்சம் வளைந்து கொடுத்தது. பின்னாளில் அதன் இடத்துக்கு வந்த சீமெந்துச் சாந்து பலம் கூடியது, வளையாது. மரம் வெயிலிலும் மழையிலும் அசைய அது மயிரிழையாக வெடிக்கிறது. அந்த வெடிப்பு முற்றத்தில் நின்று பார்ப்பவருக்குத் தெரியாது.

பார்க்காமல் விட்ட கூரைக்கு என்ன நடக்கும் என்பதைச் சொல்ல இந்த மண்ணில் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. 1950இல் உற்பத்தி தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதோடு நின்றுபோனது. வடக்கின் மீதான பொருளாதாரத் தடைப் பட்டியலில் சீமெந்தும் இருந்தது. முகட்டில் ஒரு வெடிப்பைப் பூசுவதற்குக்கூடக் கையளவு சீமெந்து கிடைக்காத ஆண்டுகள் அவை. அதே 1990இல் வெளியேற நேர்ந்த வலிகாமம் வடக்கின் ஊர்கள் பிறகு உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டன. போர் முடிந்தபின் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டபோது திரும்பிச் சென்றவர்களில் பலர் கண்டது கூரையில்லாத சுவர்களை. ஷெல் விழுந்தவை உண்டு. ஓடும் மரமும் கழற்றிக்கொண்டு போகப்பட்டவை உண்டு. யாரும் தொடாமல் தாமாக விழுந்தவையும் உண்டு. என் வாதத்துக்கு வேண்டியவை அவைதான். முதலில் ஓர் ஓடு விலகுகிறது. அதன் கீழிருந்த ரீப்பை இரண்டு மாரியில் உளுக்கிறது. ரீப்பை தொய்ய, அதில் தொங்கிய வரிசை முழுவதும் சரிகிறது. பிறகு சுவரின் தலை நனைகிறது, சுண்ணாம்புச் சாந்து கரைகிறது, வெடிப்பில் ஆலோ அரசோ வேர் விடுகிறது. ஓர் ஓட்டின் விலைக்குத் தீர்ந்திருக்க வேண்டியது ஒரு வீட்டின் விலையாகிறது. கூரையின் பெறுமதி தெரியாத சமூகம் அன்று இது. 2008இல் வன்னியில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் கூரைத் தகரத்தையும் ஓட்டையும் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போயின. இன்னும் எத்தனை முறை ஓட வேண்டும் என்று தெரியாத நிலையிலும், எதைக் கொண்டுபோனால் அடுத்த இடத்தில் வீடாகும் என்று தெரிந்திருந்தது. கூரை இல்லாதபோது அதன் அருமை தெரிகிறது. இருக்கும்போது அதை மறப்பதுதான் விளங்கவில்லை.

போருக்குப் பிந்திய வீட்டுத் திட்டங்கள் இந்த மறதியை அரசாங்க அளவுக்குக் கொண்டுபோயின. இந்தியாவின் 50,000 வீட்டுத் திட்டத்தில் பெரும்பகுதியான, குடும்பங்கள் தாமே கட்டும் கட்டம் 2012 ஒக்ரோபர் 2 அன்று தொடங்கியது. குடும்பத்துக்கு 5,50,000 ரூபாய், தவணை தவணையாக. பின்னர் 65,000 பொருத்து வீடுகள் என்று ஓர் உருக்கு வீட்டுத் திட்டம் முன்வைக்கப்பட்டபோது வடக்கில் கடும் எதிர்ப்பு எழுந்தது. வெப்பம், விலை, நீடித்த உழைப்பு என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. அந்த எதிர்ப்பு நியாயமானது என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்த வாதங்கள் அனைத்தும் எந்தக் கூரையைப் போடுவது என்பதோடு நின்றுவிட்டன. போட்ட கூரையை யார், எப்போது, எதை மிதித்து ஏறிப் பார்ப்பது என்று இரு தரப்பிலும் கேட்கப்படவில்லை. வீட்டுத் திட்டத்தின் கணக்குப் புத்தகம் வீடு கட்டி முடிந்த நாளோடு மூடப்படுகிறது. கூரையின் கணக்கு அன்றைக்குத்தான் தொடங்குகிறது. தகரமோ, அமானோ என்று கடைகளில் கேட்டு வாங்கும் நிறத் தகடோ, அதை ஆணியோடு சேர்த்துப் பிடிக்கும் றப்பர் வளையம் தகட்டுக்கு வெகு முன்பே வெயிலில் செத்துவிடும். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று முதலில் தின்பதும் ஆணித் தலையைத்தான். பெருங்காற்றில் கூரையை மேல்நோக்கி உறிஞ்சும் விசை ஓரங்களிலும் மூலைகளிலும் அதிகம். ஆகவே நூறு ஆணியில் மூலையிலுள்ள நான்கு தளர்ந்திருந்தாலே போதும். 2008 நவம்பரில் நிஷாவும் 2020 டிசம்பரில் புரெவியும் வந்தபோது கூரைக்கு நேர்ந்ததையெல்லாம் புயலின் கணக்கில் எழுதினோம். அதற்கு முந்திய மாதங்களில் தளர்ந்திருந்த ஆணிக்கும் அதில் பங்குண்டு.

அஸ்பெஸ்ரஸ் சீற்றுக்கு வேறு வகையான எச்சரிக்கை வேண்டும். வெண் அஸ்பெஸ்ரஸ் உட்பட அதன் எல்லா வகைகளும் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இலங்கை அதன் இறக்குமதியை 2018 தொடக்கத்திலிருந்து கட்டுப்படுத்தத் தீர்மானித்திருந்தது. 2017 டிசம்பரில் இலங்கைத் தேயிலைப் பொதியொன்றில் வண்டு கண்டதாகச் சொல்லி, அஸ்பெஸ்ரஸ் ஏற்றுமதி நாடான ரஷ்யா தேயிலையை நிறுத்தியது. சில நாளில் அஸ்பெஸ்ரஸ் கட்டுப்பாடு தள்ளிப்போடப்பட, தேயிலைக்கும் வழி திறந்தது. நமது கூரையின் மேல் என்ன கிடக்கிறது என்பதை மலைநாட்டுத் தேயிலையும் மொஸ்கோவும் தீர்மானித்த அந்தச் சில நாட்கள் அரசியல் பாடமாக எழுதத் தக்கவை. இங்கே அதற்கு இடமில்லை. வீட்டுக்காரருக்கு வேண்டியது இவ்வளவுதான்: உடையாமல் இருக்கும் சீற்றைச் சுரண்டாமல், வாள் வைத்து அறுக்காமல், பாசி போக்குகிறேன் என்று உலர்ந்த நிலையில் தேய்க்காமல் விட்டுவிடுவது. தூசாகும்போதுதான் அது மூச்சுக்குள் போகிறது. இரண்டாவது, அதன் மேல் நிற்காமல் இருப்பது. பிரித்தானியாவில் வேலைத்தல மரணங்களின் காரணங்களில் உயரத்திலிருந்து விழுதல் ஆண்டுதோறும் முன்னணியில் நிற்கிறது. உடையும் கூரையின் ஊடாக விழுவதை அங்கே தனியொரு ஆபத்தாகவே எடுத்துப் பேசுகிறார்கள். கூரையின் ஓரந்தான் ஆபத்து, நடுவில் நின்றால் பயமில்லை என்பது பொது நம்பிக்கை. பழைய அஸ்பெஸ்ரஸ் கூரையின் நடு அந்த நம்பிக்கையைக் கேட்காமலே திறந்துவிடும்.

எனவே புரட்டாசிக் காலையின் முதல் வேலை கூரைக்குக் கீழே. சீலிங் இல்லாத வீட்டில் கதவு யன்னலைச் சாத்தி இருட்டாக்கிவிட்டு அண்ணாந்து பார்த்தால், வெயிலேறிய நேரத்தில் ஒவ்வொரு ஓட்டையும் ஒளிப்புள்ளியாகத் தானே காட்டிக்கொடுக்கும். சீலிங் இருந்தால் போன மாரியின் கறை எங்கே என்று குறித்துக்கொண்டு, திறப்பு வழியாக ரோச் அடித்து மரத்தைப் பார்க்கலாம். வெளியே, முற்றத்தின் நான்கு பக்கமும் நின்று முகட்டுக் கோடு நேராக இருக்கிறதா, எந்த வரிசை தொய்ந்திருக்கிறது என்று பார்க்கலாம். தொலைபேசியின் கமராவை நீண்ட தடியொன்றில் கட்டி உயர்த்தினால் மூலைச் சருகும் தெரியும். இவ்வளவும் செய்தபின் ஏறவே வேண்டியிராத கூரைகள் பல. ஏறத்தான் வேண்டும் என்றால், எங்கே எதற்கு ஏறுகிறோம் என்று தெரிந்து ஏறுகிறோம். ஏணியை நான்கு அடி உயரத்துக்கு ஓரடி என்ற கணக்கில் அடியைத் தள்ளி ஊன்றி, தலை தாழ்வாரத்துக்கு மேல் ஒரு மீற்றராவது நீண்டிருக்கும்படி வைத்துக் கட்ட வேண்டும். வீட்டுக்கு வரும் மின்கம்பி பெரும்பாலும் அதே தாழ்வாரத்தில்தான் தொடுகிறது. அலுமினிய ஏணிக்கும் 230 வோல்ற்றுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று பார்த்துவிட்டே ஏணியைத் தூக்க வேண்டும். சீற்றையோ ஓட்டையோ மிதிக்காமல், இரண்டு மூன்று கைமரத்தின் மேல் பாரம் பரவும்படி போட்ட பலகையின் மேல் நடக்க வேண்டும். கீழே ஓர் ஆள் நிற்க வேண்டும். மழை பெய்த அன்று வேண்டவே வேண்டாம்.

பனையேறிய பரம்பரைக்கு ஏணி வைக்கப் படிப்பிக்கிறாயா என்று ஒரு கேள்வி வரும். பனையேறியவர் தளைநார் இல்லாமல் ஏறியதில்லை என்பதே அதற்குப் பதில். தினமும் ஏறிப் பழகிய மரம், உடம்புக்குத் தெரிந்த உயரம். அதற்கும் மேல் காலில் ஒரு கருவி. கூரையிலோ ஆண்டுக்கொரு முறைகூட ஏறாத ஒருவர் உள்ளே உளுத்ததா என்று தெரியாத மரத்தின் மேல் வெறுங்காலோடு நிற்கிறார். பனையின் பெயரால் அவருக்குத் துணிவு ஊட்டுவது பனையேறியவரின் தொழிலறிவுக்கு இழுக்கு. சட்டமும் இங்கே துணைக்கு வருவதில்லை. 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், பெயரே சொல்வதுபோல, தொழிற்சாலைகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. ஒரு நாள் கூலிக்கு ஒரு வீட்டுக் கூரையில் ஏறும் மேசனை அது எட்டிப் பார்ப்பதில்லை. அவர் விழுந்தால் வீட்டுக்காரரின் மனச்சாட்சிதான் நட்டஈட்டு விதி.

கொங்கிறீற்றில் பிளேற் அடித்துவிட்டால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லையே என்பார்கள். விழும் ஆபத்து குறைகிறது, உண்மை. பார்க்கும் தேவை குறைவதில்லை. நீர் வடியும் வாயில் ஒரு பிடி சருகு போதும். மாரியின் தண்ணீர் தட்டில் குளமாக நிற்கும். உப்புக் கலந்த மணலோ கடற்காற்றோ கம்பியை எட்டிவிட்டால், துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு பருத்துக் கொங்கிறீற்றை உள்ளிருந்து பிளக்கிறது. கீழ்ப்பக்கப் பூச்சு பெயர்ந்து விழும் வரை யாரும் அறிவதில்லை. ஓடு ஒவ்வொன்றாக விழும். பிளேற் அப்படி முன்னறிவிப்புத் தருவதில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு பீலியைப் பற்றியது. வடக்கில் டெங்கு தலையெடுப்பதும் மாரியோடுதான். பீலியில் சருகு அடைத்துத் தேங்கும் நீரில் நுளம்பு பெருகுகிறது என்பதால், பீலியையே கழற்றிவிடுங்கள் என்று சுகாதாரத் தரப்பு சொல்லி வருகிறது. அவர்கள் பார்வையில் அது சரி; பராமரிக்கப்படாத பீலியைவிடப் பீலி இல்லாமை நல்லது. ஆனால் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கும் மழைநீர்தான் கிணற்றின் முதல். நூறு சதுர மீற்றர் கூரையில் நூறு மில்லிமீற்றர் மழை விழுந்தால் அது 10,000 லீற்றர். பீலி இருந்தால் அது தொட்டிக்கோ ஊறுகுழிக்கோ போகும். இல்லாவிட்டால் சுவரடியைத் தோண்டிக்கொண்டு ஒழுங்கைக்குப் போகும். அஸ்பெஸ்ரஸ் கூரையின் நீரைக் குடிக்கச் சேமிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். ஓட்டிலும் பிளேற்றிலும் அந்தத் தயக்கமில்லை. புரட்டாசியில் ஒருமுறையும் கார்த்திகை நடுவில் ஒருமுறையும் பீலி வழிக்கப்படும் என்று உறுதி இருக்குமானால் சுகாதாரப் பரிசோதகரோடு எனக்குச் சச்சரவு இல்லை. அந்த உறுதி இல்லாத வீட்டில் அவர் சொல்வதே சரி. இரண்டாவது வழிப்பு மாரிக்குள் வருவது சங்கடந்தான். அதனால்தான் பீலியை நிலத்தில் நின்றே நீண்ட பிடி போட்ட வாரியால் எட்டும்படி வைப்பது, வடிகுழாயின் வாயில் வலை பொருத்துவது போன்ற சின்ன வேலைகளைப் புரட்டாசியிலேயே முடித்துவைக்க வேண்டும்.

நிலத்தில் நின்று வாரும் வேலை நம்மவருக்குப் புதிதும் அன்று. ரொறன்ரோவில் வீடு வைத்திருப்பவர் பனி கொட்டுமுன் இலையுதிர் காலத்திலேயே பீலியை வழிப்பார். பனி ஏறிய பிறகு கூரையில் கால் வைக்காமல் முற்றத்தில் நின்று நீண்ட வாரியால் இழுத்து இறக்குவார். அங்கே இது அறிவுடைமை என்று எண்ணப்படுவதில்லை. பருவம் மாறுகிறது, செய்கிறார்கள். அதே ஆளுக்கு ஊரில் ஒரு வீடு பூட்டிக் கிடக்கலாம். முன்னறையைப் பக்கத்து வீட்டு அன்ரி கூட்டித் துடைப்பார். கூரையைப் பற்றி ஒழுக்கு படமாக வட்சப்பில் வந்த பிறகுதான் பேச்சு. இந்தப் பூட்டிய வீடுகள்தான் குடாநாட்டில் மிக விரைவாக விழுந்துகொண்டிருப்பவை. அன்ரிக்கு அனுப்பும் காசில் ஒரு புரட்டாசிக் காலைக்கான மேசன் கூலியைச் சேர்த்து அனுப்புவது கஷ்டமான காரியமல்ல. ஐப்பசியில் அதே மேசனுக்குக் கொடுப்பதைவிட அது குறைவாகவே வரும், வேலை தேடும் மாதத்தில் அவரும் நிதானமாகச் செய்வார்.

காசில்லாத வீட்டுக்கு என்ன வழி என்பதே கடைசிக் கேள்வி, அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. நல்ல ஏணி, இரண்டு கூரைப் பலகை, இடுப்புப் பட்டியோடு கூடிய கயிறு ஆகியவற்றை ஒவ்வொரு வீடும் வாங்கத் தேவையில்லை. கிட்டத்தட்ட ஒவ்வொரு ஊரிலும் ஒரு சனசமூக நிலையம் இருக்கிறது. கதிரையும் பாத்திரமும் இரவல் கொடுத்து வாங்கிப் பழகியவர்கள் இவற்றையும் வைத்துக் கொடுக்கலாம். பொதுப் பொருள் ஓராண்டில் உடைந்து போகும் என்று சொல்பவர்கள் அந்தக் கதிரைகள் எத்தனை ஆண்டாக ஓடுகின்றன என்று பார்க்கட்டும். நாளையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டாம். புரட்டாசிச் சனிக்குக் கோயிலில் எள்ளெண்ணெய் எரிக்கும் வழக்கம் இங்கே வலுவாக இருக்கிறது. மாதத்தில் நான்கைந்து சனி வரும், காலையில் வீட்டார் வீட்டில் இருப்பார்கள். கோயிலால் வந்து, மரக்கறிச் சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருக்கும்போது, கதவைச் சாத்தி அண்ணாந்து பார்க்க ஒரு மணித்தியாலம் போதும். சனீஸ்வரனோடு கொடுக்கல் வாங்கல் இல்லாத வீடுகளுக்கும் அது சனிக்கிழமைதான்.